9-வது இடத்தில் இறங்கும் நாயகன்... நட்சத்திர வீரர்களுக்கு வயசானா டீமுக்குள்ள என்ன நடக்கும்?

2025 மார்ச் 28-ம் தேதி ராத்திரி, சேப்பாக்கம் மேட்ச் ஞாபகம் இருக்கா? சேலத்திலிருந்து நாமக்கல் போகும் கடைசி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்த்தவர்கள்கூட மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரு அடித்தது 196. சென்னை விரட்டுகிறது. விக்கெட் வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் கேமரா டிரெஸ்ஸிங் ரூம் படிக்கட்டைக் காட்டுகிறது. தோனி வரவில்லை. ஆறாவது விக்கெட் விழுந்த பிறகும் அஸ்வின்தான் வந்தார். அதற்கும் பிறகு, ஒன்பதாவது ஆளாக, மேட்ச் கையைவிட்டுப் போன நேரத்தில் தோனி இறங்கினார். 16 பந்தில் 30 ரன், அவுட் இல்லை. சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரியே ரெண்டு கட்சி கிளம்பிவிட்டது. 'இவ்வளவு நல்லா ஆடறவர் ஏன் முன்னாடி இறங்கலை?' என்று ஒரு கூட்டம். 'முன்னாடி இறங்க முடியலைன்னா எதுக்கு டீம்ல இருக்கார்?' என்று இன்னொரு கூட்டம். ரெண்டு நாள் கழித்து, குவாஹாத்தியில் ராஜஸ்தானிடமும் தோற்ற பிறகு, பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் பதில் சொன்னார். தோனியின் உடம்பு, குறிப்பாக முழங்கால், முன்பு போல இல்லை. 10 ஓவர் முழுக்க ஓடி ஓடி ஆட அவரால் முடியாது. அன்றைக்கு எவ்வளவு முடியுமோ அதை அவரே கணித்து இறங்குகிறார். சாரம் இவ்வளவுதான்.

இந்திய கிரிக்கெட்டில் இப்படி வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம். பெரிய வீரர்களுக்கு வயசாவதை நாம் 'ஃபார்ம் இல்லை', 'ரெஸ்ட் கொடுத்திருக்காங்க', 'டீம் காம்பினேஷன்' என்று சுற்றி வளைத்துத்தான் பேசுவோம். ஃபிளெமிங் சொன்னதை வைத்தே இந்த விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், வாங்க.

கை சின்ன வயசு, கால் பெரிய வயசு

முதலில் ஒன்று. உடம்பு மொத்தமாக ஒரே நாளில் வயசாவதில்லை. அதே 2025 சீசனின் முதல் மேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 23, மும்பைக்கு எதிராக. நூர் அகமது பந்தில் சூர்யகுமார் யாதவ் இறங்கி ஆட, கண் சிமிட்டுவதற்குள் பெயில்ஸ் பறந்தது. அந்தக் கைக்கு 43 வயசு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அதே மனிதரின் முழங்காலுக்கு 43 வயசு நிச்சயம் தெரியும்.

ஏன் இந்த வித்தியாசம்? விக்கெட் கீப்பருடைய கை வேகத்தில் பாதி, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே படிக்கும் அனுபவம். வயசு ஏற ஏற அந்த அனுபவம் கூடத்தான் செய்யும். முழங்காலுக்கு அனுபவம் என்று ஒன்று கிடையாது, தேய்மானம் மட்டும்தான். ஒரு டி20 இன்னிங்ஸில் 120 பந்து என்றால், கீப்பர் குறைந்தது 120 தடவை குந்தி எழ வேண்டும். ஒரு நாள் போட்டியில் 300. டெஸ்ட்டில் ஒரு நாளைக்கே 540. இதை 15 வருஷத்துக்கும் மேல் செய்த கால் அது. 2023-ல் ஐ.பி.எல் கோப்பையை வென்ற சில நாள்களிலேயே மும்பையில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது.

பேட்டிங்கில் இன்னொரு சிக்கல். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பவுலரின் கையைவிட்டுக் கிளம்பி பேட்ஸ்மேனிடம் வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அதற்குள் பார்க்கணும், முடிவெடுக்கணும், காலை நகர்த்தணும், பேட்டை இறக்கணும். வயசு கூடும்போது இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகும். வெடித்து ஓடுவதற்கும் குதிப்பதற்கும் உதவும் வேகமான தசை நார்கள்தான் முதலில் மெலியும். மாரத்தான் ஓடுகிறவர் 38 வயசிலும் தாக்குப்பிடிக்கிறார், 100 மீட்டர் ஓடுகிறவருக்கு அது கஷ்டமாக இருக்கிறது என்றால் காரணம் இதுதான். கூடவே, காயம் ஆறும் வேகமும் குறையும். 24 வயசில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிட்ட தொடை வலி, 36 வயசில் அடுத்த மேட்ச் வரைக்கும் கூடவே வரும்.

அனுபவசாலிகள் இந்தத் தாமதத்தை மூளையால் ஈடுகட்டுவார்கள். பவுலரின் மணிக்கட்டைப் பார்த்தே பந்தைக் கணிப்பது, தனக்கு ஒத்துவரும் பவுலருக்காகக் காத்திருப்பது, ஓடி எடுக்கும் ரெண்டு ரன்னைத் தவிர்த்து பவுண்டரியில் கணக்கை முடிப்பது. கொஞ்ச காலம் இது பலிக்கும். எவ்வளவு காலம் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

லைனுக்குப் போன லாரி, லோக்கல் லோடுக்கு வருவது

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதை லாரியை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். புது வண்டி நேஷனல் பெர்மிட் போட்டுக்கொண்டு டெல்லி, கொல்கத்தா என்று லைனுக்குப் போகும். மோட்டார் வாகன விதிப்படி சாதாரண லாரிக்கு 12 வருஷம், மல்டி ஆக்ஸில் வண்டிக்கு 15 வருஷம் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. அதற்காக அன்றைக்கே யாரும் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவதில்லை. லோக்கலில் செங்கல், ஜல்லி, கோழித் தீவனம் என்று ஓட்டுவார்கள். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், மூணு நாள் நிற்காமல் ஓடச் சொன்னால் வழியில் நின்றுவிடும். தூரத்தைக் குறைத்தால் வேலை செய்யும்.

தோனிக்கு சென்னை அணி செய்தது கிட்டத்தட்ட இந்த ஏற்பாடுதான். 2024 சீசனுக்கு முதல் நாள் கேப்டன் பதவி ருதுராஜ் கெய்க்வாட்டுக்குப் போனது. பேட்டிங் வரிசையில் கீழே, கீழே என்று இறங்கினார். அந்த வருஷம் தரம்சாலாவில் பஞ்சாப்புக்கு எதிராக 9-வதாக வந்து முதல் பந்திலேயே போல்டானதும் உண்டு. வான்கடேயில் ஹர்திக் பாண்டியாவின் கடைசி ஓவரில் நாலே பந்து சந்தித்து, மூணு சிக்ஸரோடு 20 ரன் எடுத்ததும் உண்டு. சென்னை அந்த மேட்ச்சை ஜெயித்தது சரியாக 20 ரன் வித்தியாசத்தில்!

இப்போ எண்களைப் பாருங்கள், சுவாரஸ்யமா இருக்கும். 2024 சீசனில் அவர் சந்தித்தது மொத்தமே 73 பந்து. எடுத்தது 161 ரன். ஸ்ட்ரைக் ரேட் 220. ஒரு இன்னிங்ஸுக்கு சராசரியாக ஆறேழு பந்து. 2025-ல் மேலே இருந்தவர்கள் சொதப்ப, ருதுராஜும் முழங்கை எலும்பு முறிவால் விலக, தோனி திரும்பக் கேப்டனானார். அதிகப் பந்துகள் ஆட வேண்டியதாயிற்று. 145 பந்து, 196 ரன், ஸ்ட்ரைக் ரேட் 135. பந்து ரெண்டு மடங்கானது, ரன் அந்த அளவுக்குக் கூடவில்லை. சென்னை வரலாற்றில் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடம்.

ரெண்டு சீசன் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாதுதான். 2025-ல் அவர் இறங்கிய பல மேட்ச்களில் டீம் ஏற்கெனவே படுத்துக்கிடந்தது. லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஜெயிக்க வைத்து ஆட்ட நாயகனும் ஆனார். ஆனாலும் கணக்கு ஒரு திசையைக் காட்டுகிறது: வேலை சின்னதாக இருந்தபோது அவர் அபாரம். பெரியதானபோது சாதாரணம். ஆக, 9-வதாக இறங்கியதை 'பயந்துட்டார்' என்று சொன்னவர்களைவிட ஃபிளெமிங் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார் என்பது என் கட்சி. அதே நேரம், 9-வது இடத்தில் மட்டுமே ஆட முடிகிற ஒருவரை பதினோரு பேரில் வைத்திருந்தால், மேலே எட்டுப் பேரும் பிழையில்லாமல் ஆடியாகணும். 2025 சென்னை அணியில் அந்த எட்டுப் பேர் இல்லை.

இதை உலகத்தில் முதலில் சட்டமாகவே எழுதிவைத்தது பேஸ்பால் ஆட்டம். அமெரிக்கன் லீகில் 1973-லிருந்தே ஒரு விதி உண்டு. பந்து வீசுகிறவருக்குப் பதிலாக, ஃபீல்டிங்கே செய்யாமல் அடிக்க மட்டும் ஒருவர் வரலாம். கால் போன, தோள் போன பழைய நட்சத்திரங்களுக்கு அது நல்ல நாற்காலி. ஐ.பி.எல்-லில் 2023-ல் வந்த 'இம்பாக்ட் பிளேயர்' விதியும் பாதி அந்த வேலையைத்தான் செய்கிறது. 2025-ல் மும்பை அணி ரோஹித் ஷர்மாவைப் பல மேட்ச்களில் அப்படித்தான் பயன்படுத்தியது. பேட்டிங் மட்டும், 20 ஓவர் வெயிலிலும் பனியிலும் நிற்க வேண்டியதில்லை.

பேஸ்பால் ரசிகர்கள் இந்தப் பேச்சில் எப்போதும் இழுக்கும் பெயர் ஆல்பர்ட் புஹோல்ஸ். லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணி 10 வருஷத்துக்கு 24 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. கடைசி வருஷத்தில், 2021 மே மாதம், அவரை நடு சீசனில் விடுவித்தது. முடிஞ்சது கதை என்றார்கள். பக்கத்து டாட்ஜர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் இடது கை பவுலர்கள் வீசும்போது மட்டும் அனுப்பியது. 2022-ல் தன் பழைய அணியான செயின்ட் லூயிஸுக்கே திரும்பினார். 42 வயசில் அந்த ஒரு சீசனில் மட்டும் 24 ஹோம் ரன். மொத்தம் 703. 700-ஐத் தாண்டியவர்கள் அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே நாலு பேர்தான். ஏஞ்சல்ஸில் தினமும் இறக்கிவிடப்பட்டபோது திணறிய அதே மனிதர்தான் இவர்.

சின்னப்பம்பட்டிக்கு வாங்க

இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இது கொஞ்சம் கசக்கும்.

1991-ல் பிறந்தவர் சின்னப்பம்பட்டி நடராஜன். 20 வயசு வரைக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட். 2020 ஐ.பி.எல்-லில் யார்க்கர்களால் பெயர் வாங்கி, நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனார். ஒருவர் பின் ஒருவராகக் காயமடைய, அதே பயணத்தில் ஒரு நாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி அறிமுகமான முதல் இந்தியர். 2021 ஜனவரியில் ஊருக்குத் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஊர்வலமாகக் கூட்டிவந்தார்களே, அந்த வீடியோ இன்னும் பலர் போனில் இருக்கும். மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை என்ற நிலையில் பந்து வீசி ஜெயிக்க வைத்தார். எதிரில் நின்றது 95 ரன் எடுத்த சாம் கரன்.

இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி மேட்ச் அதுதான். அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அறிமுகத்துக்கும் கடைசி மேட்ச்சுக்கும் நடுவில் நாலு மாதம்கூட இல்லை.

வேகப்பந்து வீசுகிறவருக்கு முழங்கால் ஏன் அவ்வளவு முக்கியம்? பந்தை விடும் நொடியில், ஓடி வந்த வேகம் முழுவதையும் முன் கால் ஒன்றே தாங்கிக்கொள்கிறது. உடம்பு எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் அந்த ஒரு காலில் இறங்கும். அந்தக் கால் தூண் மாதிரி நின்றால்தான் யார்க்கர் பேட்ஸ்மேனின் கட்டை விரலில் போய் விழும். கால் லேசாக மடங்கினால் பந்து அரையடி தப்பும். அரையடி முன்னால் போனால் ஃபுல் டாஸ், பின்னால் விழுந்தால் தூக்கி அடிக்கத் தோதான பந்து. யார்க்கர் தப்பினால் அதை மாதிரி அடிக்க சுலபமான பந்து கிடையாது. மற்ற பவுலர்களுக்குச் சின்ன சறுக்கலாக இருப்பது, யார்க்கரை நம்பி வாழ்கிறவருக்கு சிக்ஸர்.

அப்படியும் நடராஜன் திரும்ப வந்தார். 2024-ல் ஹைதராபாத்துக்காக 19 விக்கெட். அணி இறுதிப் போட்டி வரை போனது. அந்த நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி அவரை 10.75 கோடிக்கு எடுத்தது. சேலம் மாவட்டமே கொண்டாடியது. 2025 சீசன் வந்தது. 2 மேட்ச். விக்கெட் இல்லை. மற்ற நாளெல்லாம் பெஞ்ச்.

இதற்கு வயசு மட்டும் காரணம் என்றால் ஒரு விஷயம் இடிக்கும். டெல்லியின் முதல் தேர்வான மிட்செல் ஸ்டார்க், நடராஜனைவிட மூத்தவர். ரெண்டு பேருமே இடது கை. ஒரே மாதிரி ஆயுதம் ரெண்டு இருந்தால் டீம் ஒன்றைத்தான் எடுக்கும். அதிலும் புதுப் பந்தில் ஸ்விங் செய்பவரைத்தான் எடுக்கும். மே மாதம் போட்டிகள் நின்று மறுபடி தொடங்கியபோது ஸ்டார்க் வரவில்லை. சரி, இப்போவாவது என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். டெல்லி பங்களாதேஷிலிருந்து முஸ்தஃபிசுர் ரஹ்மானைக் கூட்டிவந்தது. அவரும் இடது கை!

ரெண்டு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். தோனியை சென்னை தக்கவைத்தது 4 கோடிக்கு. ஐந்து வருஷமாக சர்வதேசப் போட்டி ஆடாதவர்களை 'அன்கேப்டு' வீரராகக் கணக்கில் எடுக்கலாம் என்ற பழைய விதி திரும்ப வந்ததால் அந்த விலை. அவர் 14 மேட்ச்சும் ஆடினார். 10.75 கோடி வாங்கியவர் 2 மேட்ச். காசு கொடுத்தால் ஆட வைப்பார்கள் என்பது இந்த வியாபாரத்தில் உண்மை இல்லை. யாருக்காக ஸ்டேடியம் மஞ்சளாகிறதோ, அவருடைய வேலையைத்தான் டீம் உட்கார்ந்து யோசித்து வடிவமைக்கும். மற்றவர்களுக்கு வடிவமைப்பெல்லாம் கிடையாது. லிஸ்ட்டில் பேர் இருக்காது, அவ்வளவுதான்.

நின்ற இடத்தில் நின்றாலும் பின்னால் போகலாம்

இறங்குமுகம் என்றால் உடம்பு தளர்வது மட்டும்தானா? ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்கள். டீம் ஆட்டம் இல்லை, அவருக்கு இன்னும் வயசும் இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தில் அவர் எண்கள் அருமையான பாடம்.

பாராலிம்பிக் உயரம் தாண்டுதல். 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசையாகக் கேட்டால் சரிவு மாதிரி தோன்றும். அளந்து பார்த்தால் எட்டு வருஷத்தில் குறைந்தது 4 சென்டிமீட்டர். உங்கள் ரெண்டு விரல் அகலம். பாரிஸில் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் தாண்டியது 1.94. அதாவது, ரியோவில் தங்கம் கொடுத்த அதே தாண்டலை மாரியப்பன் பாரிஸிலும் தாண்டியிருந்தால்கூட தங்கம் கிடைத்திருக்காது. அந்த வருஷம் மே மாதம் கோபேயில் 1.88 தாண்டி அவர் உலக சாம்பியன் ஆனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பெரிதாகக் கீழே வரவில்லை. கம்பு மேலே போய்விட்டது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2010-ல் டி20-யில் 150 ரன் மரியாதையான ஸ்கோர். இப்போ 200 அடித்தும் தோற்கிறார்கள். செட்டிலாக 15 பந்து எடுத்துக்கொள்ளும் பழைய பாணி பேட்ஸ்மேன் அன்று போலவே இன்றும் ஆடினால் அவர் 'ஸ்லோ'. 2025-ல் சென்னைக்கு நடுவில் வந்து சேர்ந்த 17 வயசு ஆயுஷ் மாத்ரே, தன் முதல் மேட்ச்சிலேயே 15 பந்தில் 32 அடித்தார். இவர்கள் யாரும் செட்டிலாவதே இல்லை.

கதவை யார் மூடுவது?

அஸ்வினின் கடைசி டெஸ்ட் தொடரைப் பாருங்கள். 2024 ஆஸ்திரேலியப் பயணம். 500 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பெர்த் டெஸ்ட்டில் அவர் இல்லை, வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அடிலெய்டில் அஸ்வின். பிரிஸ்பேனில் மறுபடி அவர் இல்லை, ஜடேஜா. மூணு டெஸ்ட்டுக்கு மூணு ஸ்பின்னர். டிசம்பர் 18-ம் தேதி, பிரிஸ்பேன் டெஸ்ட் டிராவில் முடிந்த கையோடு, ரோஹித்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வை அறிவித்தார். தொடரில் இன்னும் ரெண்டு டெஸ்ட் பாக்கி. 106 டெஸ்ட், 537 விக்கெட். மறுநாள் சென்னை வந்து இறங்கிவிட்டார். வழியனுப்பு மேட்ச் கிடையாது, மாலை மரியாதை மைதானத்தில் கிடையாது.

பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கென்னவோ, அது ஒரு மாதிரி கம்பீரமாகத்தான் பட்டது. 'இந்தத் தொடரில் நான் முதல் தேர்வு இல்லை' என்பதைத் தேர்வாளர்கள் வாயால் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதற்கு முந்தின மாத ஏலத்திலேயே சொந்த ஊர் சென்னை அணி அவரை 9.75 கோடிக்கு எடுத்திருந்தது. அடுத்த வருஷம் 9 மேட்ச், 7 விக்கெட். ஆகஸ்ட்டில் ஐ.பி.எல்-லுக்கும் கும்பிடு. பிறகு ஆஸ்திரேலியாவின் பிக் பாஷில் சிட்னி தண்டருக்கு ஆட ஒப்பந்தமானார். முழங்கால் காயத்தால் விலக வேண்டியதாயிற்று. பார்த்தீர்களா, கடைசியில் எல்லாக் கதையும் முழங்காலிலேயே வந்து நிற்கிறது.

அஸ்வினால் இப்படி முடிவெடுக்க முடிந்தது என்றால், அவருக்கு யூடியூப் சேனல், வர்ணனை, வெளிநாட்டு லீக் என்று மறுபக்கம் கதவுகள் இருந்தன. ரஞ்சியில் 30 மேட்ச் ஆடி நிறுத்தப்படுகிற பையனுக்கு அந்த வசதி இல்லை. டீமில் வேலை குறைகிறது என்றால் அவனுக்கு வருமானமும் அன்றைக்கே குறைகிறது. நட்சத்திரங்களுடைய அந்திமக் காலத்தை நாம் சீரியல் மாதிரி பேசுகிறோம். மற்றவர்களுடையது ஸ்கோர் கார்டில் பேர் இல்லாமல் போவதோடு முடிந்துவிடுகிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. 2023-ல் சேப்பாக்கத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். தோனி வரவேண்டும் என்பதற்காக, தனக்கு முன்னால் ஆடும் சொந்த வீரர் அவுட்டாகக் காத்திருந்தது ஸ்டேடியம். 'நான் மேலே இறங்கினா, எப்போ அவுட் ஆவேன்னுதான் ஜனங்க காத்திருப்பாங்க' என்ற அர்த்தத்தில் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த மாதக் கடைசியில் அகமதாபாத் இறுதிப் போட்டியில் தோனி முதல் பந்திலேயே அவுட்டானார். கடைசி ரெண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தது அதே ஜடேஜா. 2025 நவம்பரில், 36 வயசில், சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக சாம் கரனோடு சேர்த்து அவரை ராஜஸ்தானுக்கு அனுப்பியது சென்னை.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில்...

உங்க ஊர் டீமிலும் ஒரு அண்ணன் இருப்பார், யோசித்துப் பாருங்க. பத்து வருஷத்துக்கு முன்னால் ஓப்பனிங் இறங்கி, ஏரிக்கரைப் பக்கம் பந்தைத் தொலைத்தவர். இப்போ சேகோ ஃபேக்டரி ஷிஃப்ட்டோ, லாரி பட்டறையோ முடித்துவிட்டு ஞாயிறு காலையில் வருகிறார். முதலில் 'அண்ணா, நீங்க ஸ்லிப்ல நில்லுங்கண்ணா' என்பார்கள். மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால், ஓட வேண்டாம் என்று அர்த்தம். அடுத்த வருஷம் ஆறாவது டவுன். அதற்கடுத்த டோர்னமென்ட்டில் 'அண்ணா, நீங்க அம்பயர் நிக்கறீங்களா?' தோனிக்கு ஃபிளெமிங் செய்ததும் இதுதான், மைக் வைத்துச் செய்தார், அவ்வளவே வித்தியாசம்.

அந்த அண்ணன் நீங்களாகவே இருந்தால் ஒரே ஒரு யோசனை. வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு காலை வண்டியை நிறுத்தியதும் நேராக ஓடி வந்து பந்து வீசாதீங்க. 30-க்கு மேல் தசையும் குதிகால் நரம்பும் சூடாக நேரம் கேட்கும். பத்து நிமிஷம் மெதுவாக ஓடிவிட்டு ஆரம்பிங்க. முழங்காலில் வீக்கமோ, மடக்கும்போது மாட்டிக்கொள்வதோ இருந்தால் ஸ்ப்ரே அடித்துச் சமாளிக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்க.

நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிற தம்பியாக இருந்தால், அதை டாஸ் போட்ட பிறகு கிரவுண்டில் வைத்துக் கேட்காதீங்க. முதல் நாள் டீக்கடையில் கேளுங்க. ஆறாவது டவுனில் அவர் என்ன செய்யணும், எந்த பவுலர் வந்தால் முன்னால் இறங்கணும் என்று சேர்த்துப் பேசுங்க. வெறுமனே கீழே இறக்கப்பட்டவருக்கும், கீழே ஒரு வேலை கொடுக்கப்பட்டவருக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் தெரியும். நாலு பந்தில் 20 ரன் வருவது அந்த ரெண்டாவது ஆளிடமிருந்துதான்.

நடராஜன் 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் தன் பெயரில் ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். டென்னிஸ் பாலில் தொடங்கிய அதே ஊரில், இப்போ பையன்கள் லெதர் பாலில் பந்து வீசிப் பழகுகிறார்கள். 2025-ல் டெல்லி பெஞ்ச்சில் அவர் உட்கார்ந்திருந்த அந்த ரெண்டு மாதமும் இங்கே நெட்ஸ் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். அடுத்த சீசனுக்கும் டெல்லி அவரைத் தக்கவைத்தது.